எழுதித் தர அஞ்சுபவரின் புகாரை உள்ளகக் குழு எப்படிக் கையாள்வது?

மைக்கூடு கேட்டது:
வணக்கம். ஏறத்தாழ 60 பேர் பணியாற்றும் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சென்ற மாதம் என்னை, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் தலைவராக நியமித்தார்கள். வருகைப்பதிவு இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்த உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால், ஐவரில் இருவர் வேலையை விட்டே போய்விட்டனர். நிறுவனத்தைச் சேராத வெளி உறுப்பினரின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. இந்த நிலையில் இளம் ஊழியர் ஒருவர் என்னிடம் வந்து, தம் மேலாளர் இரவு பத்து மணிக்கு மேல் ஆபாசமான செய்திகள் அனுப்புவதாகவும், அலுவலக வேனில் வீடு திரும்பும்போது வேண்டுமென்றே உரசி உட்காருவதாகவும் சொன்னார். பேசி முடிக்கும்வரை கைப்பேசியைக் கவிழ்த்தே வைத்திருந்தார். "எழுதிக் கொடுக்க மட்டும் சொல்லாதீங்க அக்கா" என்றார். அலுவலகத்துக்கு வெளியே நடப்பதில் குழு தலையிட முடியாது என்கிறார் மனிதவள அதிகாரி. அது சரியா?

கறுப்பங்கி:
சரியன்று. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணி நிமித்தம் சென்றுவரும் இடங்களும், அதற்காக நிர்வாகம் ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடமே. ஆபாசச் செய்தி அனுப்புவதும் அச்சட்டம் கூறும் பாலியல் துன்புறுத்தலுக்குள் அடங்கும். ஆனால் விசாரணை தொடங்க எழுத்துமூலப் புகார் வேண்டும். எழுத இயலாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால், அதைப் பதிவு செய்து, குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இந்தக் கெடுவை அந்தப் பெண்ணிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். புகார் வருவதற்கு முன்னால் குழுவை முறையாக அமைக்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் அதில் குறிப்பிடலாம். பல முதலாளிகளுக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் படும்.

நிலைப்படி:
சில நிறுவனங்களில் வெளி உறுப்பினராக இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேலாளரைத் தனியே அழைத்து "பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். மறுநாளே செய்திகள் அழிக்கப்பட்டன, யார் சொன்னார் என்பதும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் எழுதித் தருவதற்குள் செய்யக்கூடியவை இருக்கின்றன. செய்திகளை அழிக்காமல், தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேனில் எல்லோருக்கும் இருக்கை எண் என்று பொதுவிதியாகக் கொண்டுவாருங்கள்; யாரையும் சுட்டாமலே அது வேலை செய்யும். பெரும்பாலோர் எழுதத் தயங்குவது அடுத்த நாள் அதே நாற்காலியில், அதே மேலாளரின் கீழ் உட்கார வேண்டுமே என்பதால்தான். விசாரணை நடக்கும்போது இருவரில் ஒருவரை இடமாற்றவும், புகார் தந்தவருக்கு மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம் என்பதைச் சொல்லிப் பாருங்கள்.

கார்காலம்:
நான் புகார் கொடுத்தவள். குழுவினர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியமே, "பொய்ப் புகார் என்றால் நடவடிக்கை உண்டு, தெரியும்தானே" என்பதுதான். புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று அதே சட்டப்பிரிவு சொல்வதை நான் பிறகுதான் படித்தேன். அந்தப் பெண்ணிடம் இந்தப் பாதியை முதலில் சொல்லுங்கள்.

மைக்கூடு:
அனைவருக்கும் நன்றி. பழைய பட்டியலைக் கழற்றிவிட்டு, நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணிடமும் பேசினேன். இன்னும் எழுதித் தரவில்லை. ஆனால் மூன்று மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று அவரே கேட்டார். கடைசிச் செய்தி வந்தது 8ஆம் தேதி. அதைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.