கிரெவாஸுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்

உடுமலை ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க பள்ளி அறிவியல் மன்றத்துக்குப் பதினாறு பக்கச் சிறுநூல் ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன். டக்ளஸ் மாசன் வாழ்க்கை. 1882இல் யார்க்‌ஷயரில் பிறந்து, ரெண்டு வயசில் ஆஸ்திரேலியா போய், அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பாறையும் கனிமமும் சொல்லிக்கொடுத்தவர். (‘நிலவியல் அறிஞர்’னு தலைப்புப் போட்டதுக்கே எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன், “நிலாவைப் பத்திப் படிச்சவராங்க மிஸ்?”னு கேட்டுட்டான். அந்த வழக்கு இன்னொரு நாளைக்கு.) 1911–14 அண்டார்டிகாப் பயணத்துக்கு அவர்தான் தலைவர்.

வேலை நிக்கிறது 1912 டிசம்பர் 14இல். மூணு பேர், ரெண்டு நாய்வண்டி. முன்னால மெர்ட்ஸ் சறுக்குக்கட்டையில் போறார். மாசன் வண்டி மேல உக்காந்து கணக்குப் போட்டுட்டு இருக்கார். பின்னால நின்னிஸ் வண்டியோட நடந்து வர்றார். முன்னவங்க ரெண்டு பேரும் தாண்டின அதே இடம், நின்னிஸ் காலடியில் உடைஞ்சிருது. ஆள், வண்டி, நல்ல நாய் ஆறு, கூடாரம், சோத்துல பெரும்பங்கு எல்லாம் உள்ள போயிருச்சு. 150 அடிக்குக் கீழ ஒரு திட்டுல முதுகு ஒடிஞ்ச நாய் ஒண்ணு முனகுது, அவ்வளவுதான் தெரியுது.

உறைஞ்ச பனித்தரையில ஆழமா வாய்பிளந்து கிடக்கிற அந்தக் ‘கிரெவாஸ்’க்கு ‘பனிப்பிளவு’ன்னு போட்டிருக்கேன். மனசு ஒப்பலை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கணும்.

கோபி தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மிணி, பிளவு வேண்டாம். பாக்குப் பிளவு, கட்சிப் பிளவு என்று தேய்ந்துபோன சொல். ராஜபிளவைக் கட்டியும் நினைவுக்கு வரும். சங்கத்தார் மலைப்பிளப்பை ‘விடர்’ என்றனர். ஆனால் ‘விடன்’ என்பதன் பன்மையும் விடர்தான். பள்ளிக்கூட நூலுக்கு ஆகாது. என் பரிந்துரை ‘கமர்’. பனிக்கமர். பெரியபுராணத்தில் அரிவாட்டாயர் பசி மயக்கத்தில் கால் இடறி, இறைவனுக்குக் கொண்டுபோன செந்நெல் அரிசியும் கீரையும் மாவடுவும் வயல்வெடிப்பில் கொட்டிவிடுகின்றன. அந்த வெடிப்புக்குக் கமர் என்றே பெயர். சோறு கமருக்குள் போன கதை நம்மிடம் முன்னமே இருக்கிறது!

பல்லடம்:

ஐயா சொல்ற கமர் வயல்வெடிப்புத்தானே? அப்ப நேரா ‘வெடிப்பு’ன்னே போடலாமுங்க. போன சித்திரையில எங்க கரிசக்காட்டு வெடிப்புல கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் போச்சு. மேல மண்ணு சுடுது, உள்ள சில்லுனு இருக்குது. பனிவெடிப்புன்னா எங்க ஊர்ல எந்தப் பையனுக்கும் புரியும்.

கோவை, நிலவியல் துறை:

புரியும், தப்பாகப் புரியும். கரிசல் காய்ந்து சுருங்குவதால் வெடிக்கிறது. பனியாறு காய்வதில்லை, நகர்கிறது. அடித்தரை சரிந்து வளையும் இடத்தில் மேற்பகுதி இழுபட்டுக் கிழிகிறது. ஆழத்தில் மேலுள்ள எடை அழுத்துவதால் பனிக்கட்டி இளகிக் கொடுக்கும், அங்கே பிளப்பு நீடிக்காது. வாய்ப்பகுதியைக் காற்றடித்துச் சேர்த்த பனி மூடிவிடும். சறுக்குக்கட்டையும் வண்டியும் எடையைப் பரப்பின. நின்னிஸின் பாதம் ஒரே இடத்தில் அழுத்தியது. ‘பிளவு’ என்ற சொல் ஏற்கெனவே பிளவுப் பள்ளத்தாக்குக்கு (நிலம் விலகி உண்டாகும் ‘ரிஃப்ட் வேலி’) போய்விட்டது. ‘பனிக்கிழிவு’ என்றால் என்ன?

சம்பந்தமில்லாமல் ஒன்று: மாசன் பேரில் 1954இல் அமைத்த ஆய்வு நிலையம் நிற்கும் பாறை சார்னோகைட். ஊட்டி மலைப்பாதையில் வெட்டுப்பட்டு நிற்கிற கல்லும் அதே வகைதான். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் இருந்த காலத்தில் இரண்டு நிலமும் ஒட்டியிருந்தவை.

கோபி தமிழாசிரியர்:

கிழிவு வேட்டிக்கு ஆகும். கமருக்கு இன்னொரு நயம் கேளுங்கள். அரிவாட்டாயர் அரிவாளைக் கழுத்தில் வைத்ததும் கமரிலிருந்து இறைவன் கை நீண்டு தடுத்தது. மாவடு கடிக்கும் ‘விடேல் விடேல்’ ஓசையும் எழுந்தது. விடேல் ஒலிக்குறிப்பு மட்டும்தானா? ‘விடாதே’ என்னும் எதிர்மறை ஏவலாகவும் கொள்ளலாம். பிறகு தனியே திரும்பும்போது மாசனும் ஒரு கமரில் விழுந்து, பதினாலடிக் கயிற்றில் தொங்கி, முடிச்சு முடிச்சாக ஏறி, விளிம்பு உடைந்து மறுபடி விழுந்து, மறுபடி ஏறினார் அல்லவா? அவருக்குக் கேட்டதும் ‘விடேல்’தான் என்பேன்.

ஈரோடு:

அண்ணா, நயமெல்லாம் சரி. பனிக்கமர்னா பசங்க ஐஸ்ல செஞ்ச கமர்கட்டுன்னு கேட்டு வாங்கித் திம்பாங்க.

சத்தி:

மேல மூடியிருக்கறதுதானுங்க இதுல விசயமே. யானை பிடிக்கக் குழி தோண்டித் தழை பரப்புவாங்களே, அதுக்குப் பழைய பேரு ‘பயம்பு’. பனிப்பயம்பு. சொல்லுலயே பயமும் இருக்குது.

கோவை, நிலவியல் துறை:

பயம்பு ஆள் வெட்டியது. மூடாத கிரெவாஸும் உண்டு. கூடாது.

பல்லடம்:

அது இருக்கட்டும், அங்க அடிக்கிற காத்துக்கு என்ன பேரு வச்சீங்க? மாசன் குடிசை போட்ட டெனிசன் முனையில வருசச் சராசரியே மணிக்கு 80 கிலோமீட்டராம். எங்க ஆடிக்காத்து தோத்துரும்.

கோவை, நிலவியல் துறை:

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் நெருக்குண்டு வருவது. அது பனி மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிவது. ‘வழிகாற்று’ எனலாம்.

கோபி தமிழாசிரியர்:

வழியில் அடிக்கும் காற்று என்று பொருள்படும். ‘இழிகாற்று’ சரி.

ஈரோடு:

இழிகாற்று! வகுப்பு முழுக்க மூக்கைப் பொத்தும், ஐயா.

உடுமலை ஆசிரியை:

கும்பிடறேனுங்க, நிறுத்துங்க. மெர்ட்ஸும் செத்து, உள்ளங்கால் தோல் முழுசாக் கழண்டு, அதையே திரும்ப வச்சுக் கட்டிக்கிட்டு நடந்த மனுசன் 1913 பிப்ரவரி 8 அன்னைக்குக் குடிசைக்கு வந்து சேர்றதுக்குச் சில மணி நேரம் முந்தித்தான் அரோரா கப்பல் கிளம்பிருச்சு. இன்னொரு வருசம் அங்கயே கிடந்தார். எனக்கும் கப்பல் போயிரும். காத்துக்கு ‘சரிவுக்காற்று’ன்னு போட்டுட்டேன். கிரெவாஸுக்குப் பிளவா, வெடிப்பா, கமரா? ஒரே சொல்லுல பதில் சொல்லுங்க.

ஈரோடு: பிளவு.

சத்தி: பிளவே போடுங்க. பயம்பு மனசுல இருக்கட்டும்.

பல்லடம்: வெடிப்பு. முடியாதுன்னா பிளவு.

கோவை, நிலவியல் துறை: சரி, பிளவு. அடைப்புக்குறியில் பிளவுப் பள்ளத்தாக்கு வேறு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கோபி தமிழாசிரியர்: கமர். என் மாறுபாட்டைப் பதிவு செய்கிறேன்.

உடுமலை ஆசிரியை (வியாழன் ராத்திரி):

மெய்ப்பு வந்துச்சுங்க. ‘பனிப்பிளவு’ மொத்தம் ஏழு இடம். ஒன்பதாம் பக்கத்துல டிடிபி பண்ற தம்பி ‘பனிப்பிளவை’ன்னு அடிச்சிருக்காப்ல. நின்னிஸ் பிளவைக்குள்ள விழுந்துட்டார். திருத்திட்டேன்.

கோபி தமிழாசிரியர்:

நான் முதல் மடலிலேயே சொன்னேன்.