பிக்தால் குர்ஆனை எங்கே மொழிபெயர்த்தார்? எந்தப் பதிப்பு வாங்கலாம்?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். ஆங்கிலேய எழுத்தாளர் மர்மடியூக் பிக்தால் குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது எகிப்திலா, ஹைதராபாத்திலா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். படிக்க எந்தப் பதிப்பு நல்லது?

பதில் 1: வ அலைக்கும் ஸலாம் சகோ. இரண்டும் சரிதான். 1917 நவம்பரில் லண்டனில் இஸ்லாத்தை ஏற்றதை வெளிப்படையாக அறிவித்தார். 1920-ல் பம்பாய்க்குப் பத்திரிகை ஆசிரியராக வந்து, 1925-ல் ஹைதராபாத் மன்னர் நிஜாமின் கல்விப் பணியில் சேர்ந்தார். மொழிபெயர்ப்புக்காக நிஜாம் சம்பளத்தோடு இரண்டு வருட விடுப்பு கொடுத்தார். கையெழுத்துப் பிரதி ஓரளவு முடிந்ததும் 1929 கடைசியில் கெய்ரோ போனது சரிபார்க்கத்தான். அங்கே அல்கம்ராவி என்ற விரிவுரையாளர் உடன் உட்கார்ந்து திருத்தினார்.

பதில் 2: கெய்ரோவில் வேலை சுலபமாக நடக்கவில்லை. குர்ஆனை மொழிபெயர்ப்பதே கூடாது என்ற எதிர்ப்பு அங்குள்ள இஸ்லாமியப் பல்கலைக்கழகமான அஸ்ஹரில் பலமாக இருந்தது. அப்போதுதான் அஸ்ஹரின் தலைவர் பதவியிலிருந்து விலகியிருந்த அல்மராகி ஆதரவாக நின்றார். 1930-ல் வந்த நூலின் தலைப்பில் ‘பொருள்’ (Meaning) என்ற சொல் இருப்பது சும்மா இல்லை; குர்ஆனை மொழிபெயர்க்க முடியாது என்று முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

பதில் 3: பதிப்பு விஷயம்: முன்னுரையும் ஒவ்வொரு சூராவின் அறிமுகமும் இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பாருங்கள். மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் இவை இருக்காது. பழைய பைபிள் நடை ஆங்கிலம், ‘தௌ’ (thou), ‘தீ’ (thee) எல்லாம் வரும். அதை நவீனமாக்கிய பதிப்புகளும் விற்கின்றன. அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் அது பிக்தாலின் சொல் ஆகாது. அரபி மூலமும் வேண்டுமென்றால் 1938 ஹைதராபாத் பதிப்பு, இரண்டு பாகம். அவர் 1936-லேயே இறந்துவிட்டார், அதைப் பார்க்கவில்லை.