"இந்தியாவில் வெறும் 3.2 சதவீதம்": தோப்புத்தெரு சொந்தங்கள் குழுவில் ஒரு ஞாயிறு

மோகன் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) வேலையில்லாதோர்: தென்னாப்பிரிக்கா 32%, பிரான்ஸ் 7%, அமெரிக்கா 4%, இந்தியா வெறும் 3.2%! வல்லரசுகளையே முந்திய பாரதம். பெருமையோடு பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

அம்மா: காலை வணக்கம் அண்ணா. நம் தெருவிலேயே எஞ்சினீயரிங் முடித்த நான்கு பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களை எந்த நாட்டுக் கணக்கில் சேர்த்தார்கள்?

மோகன் மாமா: இது அரசாங்கப் புள்ளிவிவரம் தங்கச்சி. யாரோ கிளப்பிவிட்டது இல்லை.

நிலா: எண் உண்மைதான் மாமா. 2023-24 காலமுறைத் தொழிலாளர் ஆய்வில் வந்தது. ஆனால் பிரான்சின் எண்ணோடு அதை ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. 3.2 என்பது 365 நாட்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் 'வழக்கமான நிலை'. பிரான்சில் ஒரே ஒரு வாரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நம் ஆய்விலும் வாரக் கணக்கு உண்டு. அதே ஆண்டில் அது 4.9.

மோகன் மாமா: இருக்கட்டுமே. 7 பெரியதா, 4.9 பெரியதா?

வசந்தா அத்தை: மாவு அரைத்துவிட்டு இப்போதுதான் போனை எடுத்தேன். இருபது வருடம் வீடு வீடாகப் போய் இந்தக் கேள்விகளைக் கேட்டவள் ஒருத்தி அடுப்படியில் இருக்கிறேன். அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

மோகன் மாமா: நீ மிக்ஸி போட்டுக்கொண்டிருந்தாய்.

வசந்தா அத்தை: ஒரு பையன் வருடத்தில் எட்டு மாதம் வேலை தேடி அலைகிறான். நடுவில் இரண்டு மாதம் கொத்தனாரோடு சித்தாள் வேலைக்குப் போகிறான். மீதி நாள் காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறான். அவனை என்னவென்று எழுதுவீர்கள்?

மோகன் மாமா: வேலையில்லாதவன் என்றுதான்.

வசந்தா அத்தை: முதன்மை நிலையில், அதாவது வருடத்தில் அதிக நாள் எதில் போனதோ அதை வைத்து, அப்படித்தான் எழுதுவோம். ஆனால் 30 நாளுக்குக் குறையாமல் துணை வேலை பார்த்திருந்தால், இரண்டையும் சேர்த்து வெளியிடும் எண்ணில் அவன் வேலையில் இருப்பவன். உங்கள் 3.2 அந்த எண்தான். வாரக் கணக்கும் கறாராக இருக்காது. ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும்.

கார்த்திக்: ஒரு மணி நேரமா அத்தை? இது நம் ஊர்த் தந்திரம் போலிருக்கிறதே.

நிலா: இல்லை அண்ணா, உலகம் முழுவதும் அதே விதிதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியலாளர் மாநாடு 1982இல் வகுத்தது. நாட்டின் உற்பத்தியில் யாருடைய உழைப்பும் விடுபடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். அதனால் 'வேலையில்லாதவர்' என்றால் அந்த வாரம் கொஞ்சம்கூட வேலை கிடைக்காதவர் என்று ஆகிவிட்டது. வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரவும் தயாராக இருக்க வேண்டும்.

சேகர் சித்தப்பா: லாகோஸிலிருந்து வணக்கம். நிலா சொல்வதற்கு இங்கே நல்ல சாட்சி இருக்கிறது. 2020 கடைசிக் காலாண்டில் நைஜீரியாவின் வேலையின்மை 33.3%. 2023 முதல் காலாண்டில் 4.1%!

மோகன் மாமா: அப்படிப் போடுங்கள் மாப்பிள்ளை! மூன்றே வருடத்தில் முன்னேறிவிட்டார்கள்.

சேகர் சித்தப்பா: கேள்வித்தாள்தான் முன்னேறியது மச்சான். முன்பு வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் கீழே வேலை செய்தவரை வேலையில்லாதவர் பட்டியலில் வைத்தார்கள். 2023இல் ஒரு மணி நேர விதிக்கு மாறினார்கள். சாலை நெரிசலில் கார்களுக்கு நடுவே ஓடி ஓடித் தண்ணீர்ப் பாக்கெட் விற்கும் பையன்களை நான் தினமும் பார்க்கிறேன். சிவப்பு விளக்கு மாறுவதற்குள் ஒரு பாக்கெட்டை ஜன்னலுக்குள் நீட்டி, காசை வாங்கி, மீதி கொடுத்துவிட்டு ஓட வேண்டும். அவன் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. கணக்கில் மட்டும் கட்சி மாறிவிட்டான்.

நிலா: அதே 2023 அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது சித்தப்பா. வேலையில் இருப்பவர்களில் 92.6% பேர் அமைப்புசாரா வேலையில். அதை யாரும் பகிர்வதில்லை.

மோகன் மாமா: அப்படியென்றால் தென்னாப்பிரிக்கா இன்னும் பழைய விதியை வைத்திருக்கிறதா?

நிலா: அங்கேயும் ஒரு மணி நேரம்தான். தேடிச் சலித்து விட்டவர்களையும் சேர்த்த விரிவான கணக்கில் 40ஐத் தாண்டுகிறது. ஆகவே எல்லாமே கேள்வித்தாளின் வேலை என்றும் தள்ளிவிட முடியாது. நிறவெறி ஆட்சி மக்களை வேலை இருக்கும் நகரத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் குடியேற்றியது. கறுப்பினத்தவர் கடை வைப்பதற்கே தடைகள் இருந்தன. லாகோஸ் பையனைப் போலத் தெருவில் இறங்கி எதையாவது விற்றுப் பிழைப்பது அங்கே இன்றும் குறைவு. சும்மா இருக்கக்கூட வசதியில்லாத நாட்டில் வேலையின்மை குறைவாகத்தான் தெரியும்.

அம்மா: அண்ணி, எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள். "வீட்டில்தான் இருக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வசந்தா அத்தை: பெண்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அங்கேதான் எங்கள் வேலையே ஆரம்பம். ஒரு வீட்டில் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்கிறார். "மருமகள் சும்மாதான் இருக்கிறாள்." அவர் சொல்லும்போதே அந்த மருமகள் கொல்லையில் மாட்டுக்குத் தீவனம் கலக்குகிறாள். "மாடு யார் பார்ப்பது அம்மா?" "அவள்தான்." "பால் கறப்பது?" "அவள்தான்." "சொசைட்டிக்கு ஊற்றுவது?" "அது என் மகன்." அப்படியே எழுதினால் எங்கள் படிவத்தில் அவளுக்குக் கோடு 92, வீட்டு வேலை மட்டும். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் 21, குடும்பத் தொழிலில் கூலியில்லாத உதவியாள். ஒரே பெண்தான். இருட்டுவதற்குள் இன்னும் மூன்று வீடு முடிக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் அந்த இரண்டு கேள்வியைக் கேட்பார்கள்?

நிலா: அத்தை சொல்லும் இந்த 21 சாதாரணமான எண் இல்லை. 2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3% பேர்தான் தொழிலாளர் படையில், அதாவது வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த கூட்டத்தில், இருந்தார்கள். 2023-24இல் 41.7%. வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த உதவியாளர்கள்தான். இதில் உண்மையான உயர்வு எவ்வளவு, நன்றாகத் துருவிக் கேட்டதால் வந்தது எவ்வளவு என்று எங்கள் வகுப்பில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

வசந்தா அத்தை: இரண்டும்தான். விகிதம் சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன்.

நிலா: இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாலை விற்காமல் வீட்டுக்கே வைத்துக்கொண்டாலும் இந்தியாவில் அது வேலை. 2013இல் அதே புள்ளியியலாளர் மாநாடு விதியைத் திருத்தியது. சொந்த உபயோகத்துக்கு விளைவிப்பதும் கறப்பதும் உழைப்புதான், ஆனால் 'வேலைவாய்ப்பு' என்ற தலைப்பில் வராது என்றார்கள். சில நாடுகள் மாறிவிட்டன, சில மாறவில்லை. ஒரே அட்டவணையில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

கார்த்திக்: பணக்கார நாடுகளுக்குள்ளாவது ஒப்பிடலாமா?

நிலா: ஓரளவு. வேலை விளம்பரங்களைப் பார்த்தாலே கனடாவில் வேலை தேடியதாகக் கணக்கு. அமெரிக்காவில் அது போதாது, விண்ணப்பம் போடுவது, முதலாளியைத் தொடர்புகொள்வது என்று ஏதாவது செய்திருக்க வேண்டும். அதனால் கனடாக்காரர்களே அமெரிக்க முறைப்படி இன்னொரு கணக்கும் போட்டு வைக்கிறார்கள். சில ஏழை நாடுகளுக்கு ஆய்வே நடக்காத ஆண்டிலும் உலக அட்டவணையில் எண் இருக்கும். அது கணித மதிப்பீட்டால் நிரப்பியது. யாரும் போய் யாரிடமும் கேட்டதில்லை.

கார்த்திக்: எனக்கு இங்கே லெஸ்டரில் தொழிலாளர் படை ஆய்வுக் கடிதம் வந்திருக்கிறது. மேசையிலேயே கிடக்கிறது. மோசடியோ என்று பயம்.

நிலா: அண்ணா, உன்னைப் போன்றவர்களால்தான் பிரிட்டன் தவிக்கிறது! 2023இல் பதில் தந்தவர்கள் 17 சதவீதம் அளவுக்குச் சரிந்தார்கள். அந்த அக்டோபரில் வேலையின்மை எண்ணை வழக்கம்போல் வெளியிடவே முடியவில்லை. வரிப் பதிவுகளையும் வேலையில்லாதோர் உதவித்தொகைப் பதிவுகளையும் வைத்து ஒப்பேற்றினார்கள். வட்டி விகிதத்தை முடிவு செய்யும் பாங்க் ஆஃப் இங்கிலாந்தே வாய்விட்டுப் புலம்பியது.

வசந்தா அத்தை: கதவு திறக்காவிட்டால் எந்த விதி இருந்து என்ன பயன்? பகலில் வீட்டில் இருப்பவர்கள் மட்டும் பதில் சொன்னால் ஊர் முழுக்க வேலையில்லாதவர்களாகத் தெரியும். அதற்குத்தான் குறைவாகப் பதில் சொன்ன பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் எடை போட்டுச் சரிசெய்வார்கள். ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பதிலே சொல்லாதபோது எடையை எங்கே போடுவது? நீ நிரப்பி அனுப்பு கார்த்திக். தீபாவுக்கும் சேர்த்து நீயே எழுதாதே. அவளைக் கேள்.

சேகர் சித்தப்பா: அமெரிக்கா மட்டும் கில்லாடியோ?

நிலா: மாதம் சுமார் 60,000 வீடுகள் என்ற அளவில் அவர்களுடையது பெரிய ஆய்வுதான். ஆனால் 2025 அக்டோபரில் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்ததால் அந்த மாதம் கள ஆய்வே நடக்கவில்லை. அந்த மாதத்துக்கு வேலையின்மை எண்ணே கிடையாது. நம்முடையதும் 2025 ஜனவரியிலிருந்து மாத ஆய்வாக மாறிவிட்டது. எந்த வீடுகளைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் மாதிரி முறையையும் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே 2025இன் எண்ணை 2024இன் எண்ணோடு அப்படியே ஒட்டவைத்துப் படம் போட்டு யாராவது அனுப்பினால் மாமா, பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள்.

மோகன் மாமா: கோயில் குழுவில் ஏற்கெனவே போட்டாயிற்று. நாற்பது பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

அம்மா: அண்ணி, நான் என்ன கோடு? உண்மையைச் சொல்லுங்கள்.

வசந்தா அத்தை: போன வாரம் பிளவுஸ் தைத்தாயா?

அம்மா: மூன்று. ஒன்று என்னுடையது. இரண்டு எதிர்வீட்டுப் பெண்ணுடையது.

வசந்தா அத்தை: காசு?

அம்மா: வேண்டாம் என்றேன். கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். 300 ரூபாய்.

வசந்தா அத்தை: 11. சொந்தத் தொழில். வாரக் கணக்கில் நீ வேலையில் இருப்பவள்.

அம்மா: கேட்டாயா நிலா? இனி உன் அப்பாவே காபி போட்டுக் குடிக்கட்டும்.

மோகன் மாமா: என்னைப் போன்ற பென்ஷன்காரனுக்கு?

வசந்தா அத்தை: 94. தொழிலாளர் படையிலேயே நீங்கள் கிடையாது.

மோகன் மாமா: தினமும் காலையில் பால் வாங்கி வருவது யார்?

வசந்தா அத்தை: அதை 92இல் போடலாம். இன்றைக்கு இன்னும் வாங்கி வரவில்லை.