புதுப்பிப்பு: ஹாப்ஸ் தூக்கலான பில்ஸ்னர், ஒரு திருத்தம்

"ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றுங்க" என்று பில்ஸ்னர் என்ற இந்த வெளிர் பொன்னிற பீர் வகையைப் பற்றி நான் முன்பு எழுதியது அரைகுறைங்க. 3 டிகிரியில் நாக்கு மரத்துவிடும், பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசம் எழும்பாது. 6–7 டிகிரிதான் சரி. கோயமுத்தூர் சித்திரை வெக்கையில் கிளாஸில் ஊற்றி நாலைந்து நிமிஷம் விட்டாலே போதும்.

கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி ஊற்றி, பிறகு நிமிர்த்தி இரண்டு விரல் நுரை எழுப்புங்க. நுரை உடனே அமுங்கினால் பெரும்பாலும் கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியிருக்கும். பீரைக் குறை சொல்லாதீங்க.

செக் நாட்டு சாட்ஸ் ஹாப்ஸ் என்றால் அறுத்த கொழுக்கட்டைப்புல், லேசான மிளகுக் காரம். அமெரிக்க ஹாப்ஸ் என்றால் பெரும்பாலும் எலுமிச்சைத்தோல், சாத்துக்குடி. கசப்பு சுருக்கென்று வந்து சுத்தமாக அறுந்துவிட வேண்டும். தொண்டையில் பிசினாக ஒட்டினால் பில்ஸ்னருக்கு அது குறைதான்.

"பீரில் ஏன் கெட்ட நாற்றம் வருது?" என்று கேட்டவர்களுக்கு: பச்சை அல்லது நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சத்து உடைந்து கந்தக வாடை வரும். சில நிமிஷ வெயிலே போதும். பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும், டின் முழுசாகக் காக்கும். வேகவைத்த மக்காச்சோள வாடை வேறு கதை, அது காய்ச்சும்போதே வந்த கோளாறு. நனைந்த அட்டை வாடையா? காற்றுப் பட்டுப் பழசானதுங்க.