ஏலமா, முகநூலா? பழைய காசு, நோட்டு, தபால் முத்திரை வாங்கின ஆக்கள் சொல்லுங்கோ

பரந்தன் பொடியன்
இலங்கையின்ரை 1942 அஞ்சு சத நோட்டு தெரியும்தானே? ரெண்டாம் உலக யுத்தத்திலை சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு அடிச்சது. நடுவிலை துளை வரிசை, கிழிச்சால் 2 சதம் ஒரு துண்டு, 3 சதம் ஒரு துண்டு. முகநூலிலை ஒராள் கிழியாத நோட்டொண்டு போட்டிருந்தார். விலை பேசி, சந்தியிலை நிண்டு வாங்குவம் எண்டு போனால் இன்னொருத்தரும் அதுக்குத்தான் நிக்கிறார். மனுசன் ரெண்டு பேருக்கும் ஓம் சொல்லியிருக்கு! நாங்கள் சத்தம் போட, ஆள் பொலித்தீன் உறையிலையிருந்து நோட்டை எடுத்து, "அப்ப பங்கு போடுவம், கிழிக்கச் சொல்லித்தானே அரசாங்கமே அடிச்சது" எண்டு டர்ரெண்டு கிழிச்சுப்போட்டார். இத்தினை வருசம் ஒருத்தரும் கிழிக்காத சாமான். ஏலத்திலை எண்டால் இப்பிடி நடக்குமோ?

முள்ளியவளை அக்கா
நோட்டுக் கிழியாது தம்பி, பொக்கற் கிழியும். லண்டன் ஏலம் ஒண்டிலை இலங்கை முத்திரைக் கட்டொண்டு வந்தது. (1859 நாலு பென்ஸ் முத்திரை இல்லை, அதெல்லாம் கனவிலை பாக்கிறது.) போனிலை பாத்து விலை கேட்டுக்கொண்டிருக்கிறன், ஏலக்காரன் சுத்தியலை ஓங்கினபடி படம் அப்பிடியே நிண்டுட்டுது. சிக்னல் திரும்பி வரேக்கை அடுத்த சாமான் போகுது. எனக்கு விழுந்ததோ இல்லையோ எண்டு விடியும்வரை நித்திரையில்லை. விழுந்துதான் இருந்தது. பிறகு பில் வந்தது: சுத்தியல் விலைக்கு (ஏலத்திலை முடிஞ்ச விலை) மேலை வாங்குறவர் கட்டணம் 20 வீதத்துக்கும் கூட, அந்தக் கட்டணத்துக்கு வற் வரி வேறை, அனுப்புற செலவு வேறை. அங்கை காசு கட்டின மருமோன் கேக்கிறான், "மாமி, முத்திரை உங்களுக்கு, மிச்சமெல்லாம் எனக்கோ?"

வவுனியாவான்
பரந்தன் தம்பி, அது முகநூலின்ரை பிழையில்லை. முற்பணம் குடுக்காமல் சந்திக்குப் போனால் இப்பிடித்தான். எனக்கு நடந்தது சின்ன விசயம். செட்டிகுளத்திலை ஒருத்தர் சேதுக்காசு, அதுதான் யாழ்ப்பாண அரசர் காலத்துக் காசு, எண்டு நீட்டினார், நந்தியும் எழுத்தும் அச்சொட்டு. விளிம்பைத் தடவினால் சுத்திவர ஒரு கோடு. உண்மையான சேதுக்காசு அச்சு வைச்சு அடிச்சது, உருக்கி வார்த்த போலிக்குத்தான் அந்தக் கோடு வரும். திருப்பிக் குடுத்திட்டு வந்திட்டன்.

ஆனால் எல்லாரும் இதைக் கேளுங்கோ. படம் கேக்கேக்கை ரெண்டு பக்கமும் காணாது, விளிம்பையும் கேளுங்கோ. நிறையைக் கேளுங்கோ, சொல்ல மாட்டன் எண்டால் விடுங்கோ. ஒல்லாந்தரின்ரை விஓசி (கிழக்கிந்தியக் கொம்பனி) செப்புக்காசுக்கு அவதிப்பட்டு அள்ளிக் குடுக்காதேங்கோ, அது எங்கடை நாட்டிலை தாராளம். வாங்கினதைப் பிராசோ போட்டு மினுக்காதேங்கோ, பாதி விலை அதோடை போச்சு. இன்னுமொண்டு, "குளம் வெட்டேக்கை கிடைச்சது" எண்டு பெருமையா எழுதி விக்கிறவையிட்டை வாங்கவே வேண்டாம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தினது தொல்பொருள். நிலத்துக்குள்ளை கிடந்து எடுத்தால் அரசுக்குச் சொந்தம், லண்டன் ஏலத்துக்கு அனுப்புறதெண்டாலும் அனுமதிப்பத்திரம் வேணும். பொலிஸ் வந்தாப் பிறகு முகநூலோ ஏலமோ எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்.

முள்ளியவளை அக்கா
தம்பி வவுனியா, நான் சொன்னது முத்திரை. இலங்கையிலை முத்திரை வந்ததே 1857இலை, உங்கடை 1815க்கு எவ்வளவோ பிறகு. அதுக்கு ஆர் பிராசோ போடுறது?