தோரோவின் மரக்குடிலைக் காகிதத்தில் செய்வது எப்படி?

கேள்வி: திருவிடைமருதூர் ஆசிரியை

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரையில் தாமே கட்டி வாழ்ந்த மரக்குடிலைக் காகிதத்தில் செய்து நூலகத்தில் வைக்க வேண்டும் என்று எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் விரும்புகிறார்கள். இணையத்தில் பார்த்த படங்களில் சில, முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீட்டைக் காட்டுகின்றன. சிலவற்றில் சுவர் பலகையாக இருக்கிறது. எது சரியானது? ஏ4 தாளில் அடங்க எந்த அளவில் வரையலாம்? ஐப்பசி பிறந்துவிட்டால் இங்கே அட்டை எல்லாம் நமுத்து வளைந்துவிடுகிறது என்பதால், அதற்கும் ஒரு வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மன்னார்குடி வாசகர்

அம்மா, அடுக்கு மரச் சுவரை அறவே விட்டுவிடுங்கள். தோரோ வெள்ளைப் பைன் மரங்களை வெட்டிச் செதுக்கிச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் பலகை அடித்தார். அந்தப் பலகைகளும் புதியவை அல்ல. ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு விலைக்கு வாங்கிப் பிரித்து எடுத்தவை. வீட்டுக்கு ஆன மொத்தச் செலவே 28 டாலர் 12½ சென்ட்தான்.

அளவுகளை அவரே எழுதி வைத்திருக்கிறார்: அகலம் 10 அடி, நீளம் 15 அடி, தூண் உயரம் 8 அடி. நீளச் சுவர் ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய சன்னல், ஒரு முனையில் கதவு, எதிர்முனையில் செங்கல் கணப்பு (குளிர்காயும் அடுப்பு). ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கொண்டால் குடில் 5 அங்குல அகலமும் 7½ அங்குல நீளமும் 4 அங்குலச் சுவர் உயரமும் பெறும். ஒவ்வொரு சுவரும் ஒரு தாளில் அடங்கிவிடும். கூரைச் சரிவை 45 பாகையாக வைத்தால் முகடு தரையிலிருந்து 6½ அங்குலத்தில் நிற்கும். இந்தச் சரிவு மட்டும் என் யோசனை. மூலக்குடில் இன்று இல்லை. இந்த வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய ‘வால்டன்’ நூலின் 1854 முதற்பதிப்பின் முகப்புத் தாளில் அவருடைய தங்கை சோஃபியா வரைந்த படத்தை மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 1845 ஜூலை 4 அன்று அவர் குடியேறியபோது வீட்டில் புகைபோக்கி இல்லை, பூச்சு இல்லை. வெயிலிலும் மழையிலும் நிறம் மாறிய கரட்டுப் பலகைகளுக்கு நடுவே அகலமான இடுக்குகள் இருந்தன. புகைபோக்கியும் வெளிச்சுவரில் ஓடுபோல் பதிக்கும் மரச்சில்லும் குளிருக்கு முன்புதான் வந்தன. உட்புறப் பூச்சு உறைகுளிர் தொடங்கிய பிறகே வந்தது. கோடைக் குடிலா, குளிர்காலக் குடிலா என்று தீர்மானிக்காமல் இரண்டையும் கலந்துவிட்டால், அந்த வீடு எந்த நாளிலும் இருந்த வீடாக இராது. முதன்முதலாகச் செய்யும் பிள்ளைகளுக்குக் கோடைக் குடில் எளிது என்றாலும், என் விருப்பம் குளிர்காலக் குடில்தான்.

பதில்: தஞ்சைக் கைவினைஞர்

நெட்டியில் கோயில் மாதிரிகள் செய்பவன் நான். அட்டையிலும் வேலை செய்வதுண்டு. அட்டை வளைவதற்கு ஈரம் மட்டும் காரணம் அன்று. ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டினால், பசை காயும்போது அந்தக் காகிதம் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே வெளிப்புறம் சில்லு ஒட்டும் அன்றே உட்புறமும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுங்கள். இழுப்பு இருபுறமும் சமமாகும். அந்த வெள்ளைத் தாளே தோரோ பூசிய சுவர்ப்பூச்சாகவும் அமைந்துவிடும்.

காகிதத்துக்கு இழையோட்டம் உண்டு. தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதில் வளையும் மடிப்புக்கோடு செல்லும் திசையே இழையின் திசை. இரண்டு மெல்லிய அட்டைகளை இழை ஒரே திசையில் வரும்படி ஒட்டி, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைத்து எடுத்தால் சுவர் நிமிர்ந்து நிற்கும். மைதாப் பசையில் தண்ணீர் அதிகம் என்பதால் ஃபெவிகாலை மெல்லிய பூச்சாகத் தடவுவது நல்லது. தோரோவும் காலின்ஸின் பலகைகளைப் புல்லில் பரப்பி, அவற்றின் வளைவு நிமிரும்வரை வெயிலில் காயவிட்டார். இயலுமானால் ஒட்டும் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி ஐயா. மாணவர்கள் ஒருமனதாகக் குளிர்காலக் குடிலையே தேர்ந்தெடுத்தார்கள். சில்லுகளைத் தனித்தனியாக வெட்ட வேண்டுமா? கூரையை ஒட்டிவிட்டால் உள்ளே உள்ள கட்டில், மேசை, எழுதுமேசை, மூன்று நாற்காலிகளை எப்படிப் பார்ப்பது?

பதில்: தஞ்சைக் கைவினைஞர்

தனித்தனியாக வேண்டாம். அரை அங்குலப் பட்டைகளாக வெட்டி, ஒரு விளிம்பில் மட்டும் பாதி ஆழத்துக்குக் கத்தரித்து, நாம் ஓடு வேய்வதைப் போல இறவாணத்திலிருந்து (கூரையின் கீழ்விளிம்பு) முகடு நோக்கி ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைப் பாதி மறைக்கும்படி ஒட்டுங்கள். வெளிச்சுவருக்கு அவர் பயன்படுத்தியவை மரத்துண்டின் முதற்சீவலில் கிடைத்த, ஈரம் காயாத மட்டமான சில்லுகள். ஓரங்களை இழைப்புளியால் இழைத்து நேராக்கினார். ஆகவே பட்டைகளின் நிறம் சற்று முன்பின்னாக இருக்கலாம், ஆனால் வெட்டு நேராக இருக்க வேண்டும்.

கூரையை முகட்டில் மடிக்கும் ஒரே தாளாகச் செய்து, இறவாணத்துக்குக் கால் அங்குலம் நீட்டி, சுவரோடு ஒட்டாமல் மேலே கவிழ்த்து வையுங்கள். வேண்டும்போது தூக்கிப் பார்க்கலாம். புகைபோக்கியைக் கூரையோடு சேர்த்து ஒட்டிவிட்டால், கூரையைத் தூக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும். கணப்பு மட்டும் உள்ளே தரையில் நிற்கும்.