தனியே இருக்க ஓர் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்துக்குள் அல்லது பக்கத்தில், ஒரு பெண் தனியே போய் இரண்டு மணித்தியாலம் சும்மா இருக்கக்கூடிய இடம் ஏதாவது தெரியுமா?

வீட்டில் பிரச்சினை ஒன்றும் இல்லை. மாமா, மாமி, பிள்ளைகள், வந்துபோகிற சொந்தக்காரர் என்று எந்நேரமும் கலகலப்புதான். அறைக் கதவைச் சாத்தினால் உடனே "தலையிடியோ பிள்ளை?" என்று பிளேன்ரீயோடு மாமி வந்து நிற்பா. அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் குடித்து முடிக்கும்வரை அவவும் கட்டிலில் இருப்பா.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர், தன் நாட்டு நண்பர்கள் 45 சென்ரிமீற்றர் முதல் 1.2 மீற்றர் வரை தள்ளி நின்றே கதைப்பார்கள் என்று 1966இல் எழுதினார். எங்கள் மினி பஸ்ஸில் அவர் ஏறியிருக்க மாட்டார், பாவம்.

பண்ணைப் பாலத்தடியில் பின்னேரம் சனம், தெரிந்த முகம் ஒன்றாவது "என்ன தனிய?" என்று கேட்கும். கல்லுண்டாய் வெளியில் குப்பை நாற்றம் இருக்க விடாது. பொது நூலகம் நல்லதுதான், ஆனால் புத்தகம் ஒன்றை விரித்து வைத்து நடிக்க வேண்டும். கசூரினா கடற்கரை சனி ஞாயிறில் சந்தை மாதிரி.

மணற்காட்டு மணல்மேடுகளை யோசித்து வைத்திருக்கிறேன். வாரநாளில் ஸ்கூட்டியில் தனியே போனால் பாதுகாப்பா? நாலு மணிக்குப் பிறகு ஆள் நடமாட்டம் எப்படி? போய்வந்த பெண்கள் யாராவது சொல்லுங்கள்.

"தியானம் செய்யுங்கள்" என்று மட்டும் எழுத வேண்டாம். "துணைக்கு நானும் வாறன்" என்பவர்களுக்கு நன்றி, அதுவும் வேண்டாம்!